கதைக்காக எழுதினதுதானே?

என் பதிப்பாளர் அன்புராஜ் என்னை எப்போது பார்த்தாலும் ஒரே புகாரைத்தான் வைப்பார். "யோவ், உன் கதையில லேப் ரிப்போர்ட் வர்றதுக்குள்ள வாசகன் செத்துடுவான்யா."

அவர் சொல்வதில் தப்பில்லை. மற்றவர்கள் எழுதும் துப்பறியும் நாவலில் இன்ஸ்பெக்டர் ஒரு தலைமுடியைக் கர்சீப்பில் மடித்துக் கொடுத்துவிட்டு டீ சொல்வார். டீ வருவதற்குள் முடிக்காரனின் பேர், ஊர், ரத்த குரூப் எல்லாம் வந்து சேர்ந்துவிடும். பிணத்தின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்த டாக்டர், செத்த நேரத்தை நிமிஷக் கணக்கில் சொல்லிவிடுவார். எனக்கு இதையெல்லாம் படித்தால் பற்றிக்கொண்டு வரும். எழுதுகிறவனுக்குக் கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா?

திருவள்ளூர் கோர்ட்டுக்கு எதிரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. சோறு போடுவது அது. அன்புசெல்வன் என்ற பேரில் மாதம் ஒரு நாவல் எழுதுவது என் திமிருக்கு. என் கதையில் கொலைகாரன் யார் என்பதைப் பாதியிலேயே கண்டுபிடித்துவிடலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அறிவியலில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. காரணம் சுகிர்தா மேடம். தடய அறிவியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ரயில்வே கேட்டைத் தாண்டிக் குடியிருக்கிறார். அவர் பார்க்காமல் என் அத்தியாயம் எதுவும் அச்சுக்குப் போகாது. ஒருமுறை, எரிந்த உடம்பு கைகளை மடக்கிக்கொண்டு கிடந்ததைப் பார்த்து, 'கடைசி வரை போராடியிருக்கிறான்' என்று துப்பறிவாளர் சொல்வதாக எழுதியிருந்தேன். மேடம் தாள்களைத் தூக்கி மேஜைமேல் போட்டார். "நெருப்புல சதை சுருங்கினா எல்லாருக்கும் கை அப்படித்தான் மடங்கும். தூக்கத்துல செத்தவனுக்கும் மடங்கும். போய் மாத்தி எழுதிட்டு வா." மாற்றி எழுதினேன். அதற்கப்புறம் அந்தத் தப்பை எந்த நாவலில் பார்த்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிச் சிரிக்காமல் இருந்ததில்லை.

ஹெலன் அக்காவிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். செவ்வாப்பேட்டையில் எங்கள் தெருதான். கணவர் ஆசீர்வாதம் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு, திருவள்ளூரில் ஒரு ஹாஸ்டல் சமையலறையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலை யூனிட் ரயிலில் இருவரும் ஒன்றாகத்தான் போவோம். என் நாவலைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிற, எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். "இன்னா தம்பி, அந்தப் பொண்ணப் போய் அநியாயமா சாவடிச்சிட்டியே" என்று ரயிலில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி சண்டைக்கு வருவாள். ரயிலே என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்க்கும். எனக்கு உள்ளூர ஜிவ்வென்று இருக்கும்.

அவளுக்கு ஒரே பிள்ளை, இம்மானுவேல். கும்மிடிப்பூண்டி பக்கத்துத் தொழிற்சாலைகளில் காண்ட்ராக்ட் கூலி. ஒரு வாரம் இரும்பு உருக்குகிற இடம், மறுவாரம் பெயிண்ட் கம்பெனி என்று மேஸ்திரி எங்கே ஏற்றி இறக்குகிறானோ அங்கே வேலை. லோகு என்ற கூட்டாளியோடு அங்கேயே ஒரு ரூமில் தங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவான். சர்ச்சுக்கு வர மாட்டேன் என்று அடம்பிடிப்பான், சர்ச் விட்டதும் ஆக்குகிற கறிக்கு அடம்பிடிக்க மாட்டான். நல்ல பையன். கொஞ்ச நாளாக அவனுக்கு லாரி ஆசை. வடக்கே போகிற லாரியில் கிளீனராக ஏறி டிரைவராகிவிட வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தான். ஆசீர்வாதத்தின் தம்பி லாரியில்தான் செத்தார் என்பதால் ஹெலன் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் பெரிய பேச்சாகி, "ஒருநா சொல்லாம கொள்ளாம ஏறிடுவேன், அப்பறம் தேடு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த வாரம்தான் அங்கே பழைய டயரை உருக்கி எண்ணெய் எடுக்கிற ஆலையொன்று வெடித்தது. மூன்று பேர் கரிக்கட்டையாகக் கிடந்தார்கள். இரண்டு பேரை, ஒருவரைக் காலில் ஆபரேஷனில் வைத்த கம்பியை வைத்தும் இன்னொருவரை இடுப்புச் சாவியை வைத்தும், வீட்டார் வந்து அடையாளம் சொல்லி வாங்கிப் போனார்கள். மூன்றாவதைக் கேட்டு யாரும் வரவில்லை. மேஸ்திரி ஓடிவிட்டான். அன்றைக்கு யாரை எங்கே இறக்கினான் என்று சொல்ல ஆளில்லை. இம்மானுவேலின் போன் அணைந்திருந்தது. "அவன் லாரிக்குப் போறேன்னுதான் சொல்லிக்கினு இருந்தான்மா, அங்கதான் போயிருப்பான்" என்று லோகு சொன்னான். அவனுக்கும் நிச்சயமில்லை.

போலீஸ் ஹெலன் அக்காவைக் கூப்பிட்டு ரத்தம் எடுத்தது. என் கதையில் வருவதைப் போலவே ரிப்போர்ட் வர மாதக்கணக்கில் ஆனது. அந்த மாதங்களில் அக்கா ரயிலில் என்னோடு சண்டை போடவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வருவாள். ஆவடி பக்கம் போகிற சரக்கு ரயிலைக்கூட எட்டி எட்டிப் பார்ப்பாள்.

கடைசியில் வந்தது. இறந்தவன் இந்த அம்மாவின் பிள்ளை இல்லை.

ஒரு பெட்டி லட்டோடு கடைக்குள் ஓடி வந்தாள். கோர்ட்டுக்கு வந்தவர்கள், வாய்தா வாங்கியவர்கள், பக்கத்துக் கடை நோட்டரி எல்லாருக்கும் லட்டு. "எம்புள்ள இல்ல தம்பி! எம்புள்ள எங்கியோ லாரியில சுத்திக்கினு கீறான். வரட்டும், தோல உரிக்கிறேன்." எனக்கும் கண் கலங்கிவிட்டது. "டி.என்.ஏ. பொய் சொல்லாதுக்கா" என்றேன். அன்றிலிருந்து அவளுக்காக 'காணவில்லை' நோட்டீஸ் அடித்துக் கொடுக்கத் தொடங்கினேன். விடுமுறை நாட்களில் கும்மிடிப்பூண்டி, தடா, சூளூர்ப்பேட்டை என்று லாரிகள் நிற்கும் இடமெல்லாம் போய் ஒட்டிவிட்டு வருவாள். அந்த மூன்றாவது உடம்பு வடநாட்டுப் பையனாக இருக்கும் என்று முடிவு கட்டி, லேபுக்கு ஒரு பல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, கும்மிடிப்பூண்டியிலேயே ஆளில்லாப் பிணங்களுக்கான இடத்தில் புதைத்துவிட்டார்கள்.

எழுத்தாளன் புத்தி எங்கே போகும்? அக்காவின் ரிசல்ட்டைக் கேட்ட மறுவாரமே எனக்குக் கதை கிடைத்துவிட்டது. ஒரு மில் முதலாளியின் ஒரே வாரிசு காரோடு எரிந்துபோகிறான். அம்மாவின் ரத்தம் பொருந்தவில்லை. பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று ஊரே தேடுகிறது. கடைசி அத்தியாயத்தில் துப்பறிவாளர் சொல்கிறார்: செத்தது அவன்தான், அவள்தான் அவனைப் பெற்ற தாய் இல்லை. எழுதி முடித்ததும் எனக்கே என் முதுகில் தட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. சுகிர்தா மேடம் படித்துவிட்டு வழக்கமில்லாத வழக்கமாக, "இதுல ஒரு தப்பும் இல்லை" என்றார். அன்புராஜுக்குக்கூடப் பிடித்திருந்தது.

நாவல் வந்து கொஞ்ச நாள் கழித்து, கோர்ட் சாப்பாட்டு நேரத்தில் ஹெலன் அக்கா கடைக்கு வந்தாள். இருந்த ஒன்றிரண்டு பேரும் போகும்வரை ஓரமாக நின்றாள். பிறகு கையிலிருந்த என் புத்தகத்தை மெஷின்மேல் வைத்தாள். கடைசி அத்தியாயத்தின் பக்க மூலை மடிக்கப்பட்டிருந்தது.

"தம்பி, இது கதைக்காக எழுதினதுதானே?"

கதையில் நம்ப முடியாத இடம் எது என்று குறை சொல்ல வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அன்புராஜ் கேட்டால் எப்படிச் சிலிர்த்துக்கொள்வேனோ அப்படியே சிலிர்த்துக்கொண்டேன். "அக்கா, ஆள், ஊரு, மில்லு எல்லாம் கற்பனை. சயின்ஸ் மட்டும் நூத்துக்கு நூறு உண்மை. டெஸ்ட்டுல பெத்தவங்க ரத்தம்தான் பொருந்தும். வளத்தவங்க எத்தினி பாசமா வளத்தாலும் ரிப்போர்ட்டுல 'இவ தாய் இல்ல'ன்னுதான் வரும். எல்லாம் மேடத்துகிட்ட கேட்டு எழுதினதுக்கா, ஒரு எழுத்து மாத்த முடியாது."

சொல்லி முடித்துவிட்டுத்தான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அப்டி இல்ல தம்பி" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "கொஞ்சம் நிதானமா யோசிச்சி சொல்லு. பால்குடி மறக்காத புள்ள. அன்னிலேருந்து என் கை சோறுதான் தின்னான். என் கை சோறு தின்னுதானே அந்த ரத்தம் ஊறிச்சி? அந்த ரத்தத்துல நான் எப்டி இல்லாம போவேன்?"

ஐயோ என்று இருந்தது எனக்கு. "கதைதான்க்கா" என்றேன். "சும்மா சுவாரசியத்துக்கு..."

"இப்ப எதுக்கு பொய் சொல்ற? இத்தினி நாள்ல உங்கிட்ட பொய்ய பாத்ததில்ல, உனக்கு அது வரல" என்றாள். ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

ஹெலன் அக்காவின் கூடப்பிறந்த அக்கா செண்பகம், திருவாலங்காட்டில் வாழ்க்கைப்பட்டவள். ஹெலன் என்பதே ஆசீர்வாதத்தைக் கட்டிக்கொண்டு ஞானஸ்நானம் வாங்கியபோது வைத்த பேர்தான், அவர்கள் பிறந்த வீடு இந்து வீடு. செண்பகத்துக்கு முதலிரண்டு பிள்ளையும் பேர் வைப்பதற்கு முன்பே போய்விட்டன. மூன்றாவதாகப் பிறந்ததை முறத்தில் போட்டு, தவிட்டுக்கு விற்றார்கள். எங்கள் பக்கத்தில் பிள்ளை தங்காத வீடுகளில் இப்படிச் செய்வதுண்டு. இது உமியும் தவிடும் கொடுத்து வாங்கிய, மதிப்பில்லாத அடுத்த வீட்டுப் பிள்ளை என்று சாவை ஏமாற்றுவதற்கு ஒரு வழி. அநேகமாக வாங்கியவரே பிள்ளையைத் திருப்பித் தாயிடம் கொடுத்துவிடுவார். ஆனால் ஒருபடி தவிட்டோடு போய் வாங்கிய ஹெலனுக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. பால்குடி மறக்கும் முன்பே அவனைச் செவ்வாப்பேட்டைக்குத் தூக்கி வந்துவிட்டாள். பிறப்புச் சான்றிதழிலிருந்து ஆதார் வரை தாய் என்ற இடத்தில் ஹெலன் பேர்தான். அவனுக்கே இது தெரியாது.

"போலீஸ்ல கேட்டப்ப ஏன்க்கா சொல்லல?"

"ஆரு கேட்டாங்க? 'அம்மாவா'ன்னு கேட்டாங்க. 'ஆமா'ன்னேன்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அது பொய்யா தம்பி?"

அவள் போன பிறகு சுகிர்தா மேடத்துக்குப் போன் போட்டேன். வாழ்நாளில் முதல் முறையாக, லேபில் தப்பு நடந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சாம்பிள் மாறியிருக்கலாம் இல்லையா, யாராவது கையுறை போடாமல் தொட்டிருக்கலாம் இல்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"அதெல்லாம் மத்தவங்க கதையில வர்றதுன்னு நீதானே கேலி பண்ணுவ" என்றார் மேடம். "பாரு, லேப்ல கேட்ட கேள்வி 'இவங்க பெத்தவங்களா'. இல்லைன்னு சரியாத்தான் சொல்லியிருக்காங்க. சித்தியான்னு யாரும் கேக்கலை. கேட்டிருந்தா அதுக்கு வேற டெஸ்ட் இருக்கு. இப்போ அந்தப் பெத்தவங்க ரத்தம் கிடைச்சா ஒரே டெஸ்ட்ல முடிஞ்சிடும். பல்லுல எடுத்தது லேப்ல இருக்கும்." பிறகு, "அவன்தான்னு நாம முடிவு பண்ண வேணாம், வேற யாராவதாகவும் இருக்கலாம்" என்று சேர்த்துக்கொண்டார். அப்படி இருக்க வேண்டும் என்று அவரும் வேண்டிக்கொண்டிருந்தார் என்பது குரலிலேயே தெரிந்தது.

மறுவாரம் ஹெலன் அக்கா வந்தாள். எதுவுமே பேசாதது போல, "நோட்டீசு தீந்துபோச்சி தம்பி, இன்னும் கொஞ்சம் போடு" என்றாள். நானும் எதுவும் கேட்கவில்லை. மெஷினில் இம்மானுவேல் முகம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டே இருந்தது. அவள் வாயைத் திறக்காத வரைக்கும் அவன் லாரியில் போய்க்கொண்டிருக்கிறான். நான் யார் அவனை நிறுத்த? போலீஸிடம் நானே சொல்லலாமா என்று பலமுறை யோசித்தேன், மனம் வரவில்லை. அவள் வாங்கிப் போகிறபோதெல்லாம் அடித்துக் கொடுத்தேன்.

கல்லறைத் திருநாள் வந்தது. செவ்வாப்பேட்டை கல்லறைத் தோட்டத்தில் அன்றைக்குத் திருவிழாக் கூட்டம் இருக்கும். காலையிலேயே வெள்ளையடித்து, சாமந்தி போட்டு, சாயங்காலம் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். ஆசீர்வாதத்தின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்க அக்காவுக்கு ஒத்தாசையாக நான் போயிருந்தேன். பாதி அடித்துக்கொண்டிருந்தவள் மட்டையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"இங்க கெடக்கிற எல்லாத்துக்கும் ஆளு கீது தம்பி. அதோ, குடிச்சே செத்தவனுக்குக்கூட பொண்டாட்டி திட்டிக்கினே பூ போடுறா. அந்தப் புள்ள மட்டும் அங்க ஒண்டியா கெடக்குது. ஒரு மெழுகுவத்தி வெக்க நாதி இல்ல." மூக்கைச் சிந்திக்கொண்டாள். "வேற ஆரோ பெத்த புள்ளன்னா அவங்களாவது வரணும். வரல. எம்புள்ளையா இருந்தா? நான் இங்க நோட்டீசு ஒட்டிக்கினு, அவன அங்க அநாதையா போட்டு வெச்சிருந்தா நான் இன்னா அம்மா? நீ கூட வா. அக்காவாண்ட எனக்கு சொல்ல வராது, நீ சொல்லு."

திருவாலங்காட்டில் ரயில் இறங்கி, வேர்க்கடலைக் கொல்லைகளைத் தாண்டிப் போனோம். செண்பகம் தனியாகத்தான் இருந்தாள். கணவர் இறந்துவிட்டார், இம்மானுவேலுக்குப் பிறகு அவளுக்குப் பிள்ளையே பிறக்கவில்லை. எங்களைப் பார்த்ததும், "உன் புள்ள வந்துட்டானாடி?" என்று சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள். ரிப்போர்ட் வந்த அன்றைக்குச் சிவன் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தவள் அவள். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

என் கதைகளில் துப்பறிவாளர் பத்துப் பேரை உட்கார வைத்து உண்மையை அவிழ்ப்பார். எல்லாரும் வாய் பிளந்து கேட்பார்கள். எனக்கு அன்று மூன்று வாக்கியம் சேர்ந்தாற்போல் வரவில்லை. திக்கித் திணறி, தங்கச்சி ரத்தம் ஏன் பொருந்தவில்லை என்பதைச் சொன்னேன். செண்பகம் ஹெலனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு?" என்றாள்.

"நீங்க ரத்தம் குடுத்தா தெரிஞ்சிடும்மா."

"இன்னான்னு குடுக்கணும்?"

ஹெலன் அக்காதான் சொன்னாள். "பெத்தவன்னு குடுக்கணும்க்கா."

செண்பகம் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். "என்னால ஆவாதுடி" என்றாள். "தவிட்ட மடியில வாங்கனப்ப எனக்கு இன்னா சொன்னாங்க? வாய் தவறிக்கூட எம்புள்ளன்னு சொல்லிடாத, சொன்னா மொத ரெண்டும் போன வழியிலயே போயிடும்னு சொன்னாங்க. ஊட்டுக்கு வருவான், பெரிம்மான்னு கூப்புடுவான். சோறு போடுவேன், வாரி அணைக்க மாட்டேன். மனசுக்குள்ளகூட நெனச்சதில்லடி. நெனச்சா சாமி காதுல உழுந்துடுமோன்னு பயம். இத்தினி வருசம் கட்டிக் காத்தது. இப்ப நானே போயி, பெத்தவ நாந்தான்னு கையெழுத்துப் போட்டு அவன சாவடிக்கவா? எங்கியோ உசுரோட கெடக்கட்டும். எனக்கு வந்து மூஞ்சி காட்ட வேணாம்."

இதற்கு எந்த அறிவியலை வைத்துப் பதில் சொல்வது? அவள் சொன்னதில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவள் சொல்லாமல் இருந்தவரை பிள்ளை வளர்ந்தானே.

"அங்க ஒண்டியா கெடக்குதுக்கா" என்று மட்டும் ஹெலன் அக்கா சொன்னாள். வேறெதுவும் சொல்லி வற்புறுத்தவில்லை. செண்பகம் போட்டுக் கொடுத்த டீயை இருவரும் குடித்துவிட்டுத் திரும்பினோம். ரயில் வரும்வரை ஸ்டேஷனில் ஹெலன் அக்கா அழுதுகொண்டே இருந்தாள். நானும் அழுதேன். யாராவது பார்த்திருந்தால் எங்களைக் குடும்பச் சண்டைக்காரர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

செண்பகம் வரமாட்டாள் என்றுதான் நினைத்தோம். இரண்டு நாள் கழித்துக் காலையில், நாங்கள் திருவள்ளூரில் இறங்கும்போது பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தாள். குளித்துத் தலை முடிந்து, துவைத்த புடவை கட்டியிருந்தாள். "ராத்திரியெல்லாம் அவன் எங்கியோ குளுருல கெடக்கிற மாரியே கீதுடி" என்றாள்.

இன்ஸ்பெக்டரைப் பார்த்து, மனு கொடுத்து, அலைந்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்க உட்கார வைத்தார்கள். இளவயது டாக்டரம்மா. விவரம் எழுதிக்கொண்டே, "இறந்தவருக்கு நீங்க என்ன உறவும்மா?" என்று கேட்டார்.

"பெரிம்மா" என்றாள் செண்பகம்.

டாக்டர் நிமிர்ந்தார். "பெரியம்மான்னா வேணாமே. பெத்தவங்கன்னுதானே இதுல போட்டிருக்கு?"

"அவதாம்மா பெத்தா, எழுதிக்கோங்க" என்றாள் ஹெலன் அக்கா.

"அவங்களே சொல்லணும்மா."

செண்பகம் உதட்டை இறுக்கிக்கொண்டு கையை மட்டும் நீட்டினாள். டாக்டருக்கு எதுவும் புரியவில்லை, என்னைப் பார்த்தார். ஹெலன் அக்கா குனிந்து செண்பகத்தின் காதருகே, "வாயத் தொறக்காத. தலைய மட்டும் ஆட்டுக்கா" என்றாள். செண்பகம் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள்.

மறுபடியும் மாதங்கள். இந்த முறை ஹெலன் அக்கா நோட்டீஸ் கேட்கவில்லை. அன்புராஜ் அடுத்த நாவல் எங்கே என்று போன் போட்டுக்கொண்டே இருந்தார். எழுத உட்கார்ந்தால், லேபிலிருந்து கவர் வருகிற இடத்தில் பேனா நின்றுவிடும். அந்தக் கவரை எதிர்பார்த்து எங்கோ யாரோ உட்கார்ந்திருப்பார்கள் என்பது இத்தனை கதை எழுதியும் எனக்கு உறைத்ததே இல்லை. உடம்பு நலமில்லை என்று சொல்லி வைத்தேன்.

வெயில் ஆரம்பித்த சமயத்தில் ரிசல்ட் வந்தது. பொருந்தியிருந்தது.

ஹெலன் அக்கா அழவில்லை. "சரி" என்றாள். "எடுத்தாந்துடலாம்" என்றாள். அதற்குத் தனி அலைச்சல். சுகிர்தா மேடம் தனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் பேசினார். தாசில்தார் முன்னிலையில் தோண்டி எடுத்து, வெள்ளைத் துணி சுற்றிய சின்னப் பெட்டியில் இம்மானுவேலைச் செவ்வாப்பேட்டைக்குக் கொண்டுவந்தோம். லோகு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். ஆசீர்வாதத்துக்குப் பக்கத்திலேயே குழி வெட்டியிருந்தது. தெருவே வந்திருந்தது. செண்பகம் மட்டும் கூட்டத்துக்குப் பின்னால், மதிலோரமாக, துக்கத்துக்கு வந்த வேற்றாள் மாதிரி நின்றிருந்தாள்.

ஜெபம் முடிந்து, பெட்டியை இறக்கிய பிறகு, "தாய் முதல்ல மண் போடட்டும்" என்றார் பாஸ்டர்.

எல்லாரும் ஹெலன் அக்காவுக்கு வழிவிட்டார்கள். அவள் குழிக்குப் போகாமல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மதிலோரம் போனாள். செண்பகத்தின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்தாள். தெருவில் யாருக்கும் விஷயம் முழுசாகத் தெரியாது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹெலன் அக்கா அதையெல்லாம் கவனிக்கவில்லை. ஒரு பிடி மண்ணை அள்ளி அக்காவின் கையில் வைத்து, தன் கையால் மூடினாள்.

"நான் எப்டிடி போடுவேன்?" என்றாள் செண்பகம். "நான் பெரிம்மா."

"ரெண்டு பேருமா போடலாம். மொதல்ல நீ அவன கூப்புடுக்கா" என்றாள் ஹெலன் அக்கா. அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. "ஒரு தபா வாய்விட்டு எம்புள்ளன்னு கூப்புடு. இனிமே அவனுக்கு ஒண்ணும் ஆவாது."

செண்பகம் அக்கம்பக்கம் பார்த்தாள். வானத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு குழியோரம் குனிந்து, யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்பது போல, மிக மெதுவாக, "எம்புள்ள" என்றாள்.